வெளிநாடு கிளம்பும் முன் மொபைல் வங்கிக் கணக்கு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சாதாரண டெபிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்து ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவு செய்தால், கணக்கிலிருந்து 1,04,130 ரூபாய் வரை போகலாம். நம்மூர் வங்கிகள் பல, வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை செலாவணிக் கட்டணம் போடுகின்றன. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 'ஜீரோ ஃபாரெக்ஸ்' என்று விளம்பரம் செய்யும் மொபைல் கணக்குகளுக்குக் கூட்டம் சேர்வது இதனால்தான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாங்காக், பாலி, கொழும்பு என்று இரண்டு மூன்று மாதம் தங்கி வேலை பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்திய முகவரி, இந்திய மொபைல் எண், இதற்கு முன் இப்படிக் கணக்குத் திறந்த அனுபவம் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இணையத்தில் தேடினால் மோன்சோ, ஸ்டார்லிங், என்26 என்ற வெளிநாட்டு மொபைல் வங்கிகளின் பெயர்கள்தான் முதலில் வரும். முதல் இரண்டுக்கும் பிரிட்டன் முகவரி வேண்டும். மூன்றாவது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. அவற்றை விட்டுவிடலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணம் இரண்டாவது விஷயம். கிளையே இல்லாத கணக்கில் உங்கள் போன்தான் கிளை. அந்தப் போன் கையில் இல்லாத அன்று பணத்தை எப்படி எடுப்பீர்கள் என்பதை வைத்துத்தான் கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: ஆப்புக்குப் பின்னால் எந்த வங்கி இருக்கிறது?

இந்தியாவில் மொபைலில் மட்டுமே இயங்கும் வங்கி என்று தனி உரிமத்தை ரிசர்வ் வங்கி தருவதில்லை. ஆகவே நம் ஊரில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, உரிமம் பெற்ற வங்கியே நடத்தும் டிஜிட்டல் கணக்கு. 2016-இல் வந்த டி.பி.எஸ். டிஜிபேங்க், 2017-இல் வந்த கோட்டக் 811 இந்த வகை. இன்னொன்று, ஒரு தொழில்நுட்ப நிறுவனம் ஆப்பை நடத்தும், பணம் வேறொரு வங்கியில் இருக்கும். ஜூப்பிட்டர் ஆப்பில் திறக்கும் சேமிப்புக் கணக்கு உண்மையில் ஃபெடரல் வங்கியில் இருப்பது இப்படித்தான்.

இரண்டாவது வகையில் தவறு ஒன்றும் இல்லை. ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாஸ்புக்கில் வரும் பெயர் யாருடையது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்பின் முகப்புப் பக்கத்தில் அடிவரை போனால் சின்ன எழுத்தில் இருக்கும். பெயர் கிடைத்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்:

- அது ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள வங்கியா? அப்படியானால் டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் 5 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாக இருந்தது. ஒரே வங்கியில் உங்கள் பெயரில் உள்ள கணக்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 5 லட்சம்.
- சேமிப்புக் கணக்கா, இல்லை ப்ரீபெய்டு வாலட்டா? வாலட்டில் உள்ள பணம் டெபாசிட் ஆகாது, வட்டியும் கிடையாது.
- ஆப் திறக்காவிட்டால், அந்த வங்கியின் சொந்த இணையதளத்திலோ ஆப்பிலோ இதே கணக்கைப் பார்க்க முடியுமா? இதற்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

இதெல்லாம் வீண் பயம் என்று தோன்றினால் 2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். யெஸ் வங்கியில் பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் தடைக்காலம் அறிவிக்கப்பட்டதும், அதை நம்பி ஓடிய போன்பே ஒரே இரவில் முடங்கியது. போன்பே நல்ல நிலையில்தான் இருந்தது. பிரச்சினை பின்னால் இருந்த வங்கிக்கு. 2024-இல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிய டெபாசிட் வாங்கவே ரிசர்வ் வங்கி தடை போட்டது. அந்த நேரத்தில் நீங்கள் ஹனோயில் ஒரு விடுதி வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

படி 2: முழு கே.ஒய்.சி.யை (அடையாளச் சரிபார்ப்பை) ஊரில் இருக்கும்போதே முடியுங்கள்

ஆதார் ஓடிபி மட்டும் கொடுத்து ஐந்து நிமிடத்தில் திறக்கும் கணக்கு அரைக் கணக்குதான். அதில் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பு வைக்க முடியாது, நிதியாண்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் வரவு வர முடியாது. ஓராண்டுக்குள் முழு கே.ஒய்.சி. முடிக்காவிட்டால் கணக்கு மூடப்படும். பலருக்கு இது வெளிநாட்டில் சம்பளம் வந்து விழாதபோதுதான் தெரிய வருகிறது.

வீடியோ கே.ஒய்.சி. செய்தால் முழுக் கணக்காகிவிடும். பான் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். முக்கியமான நிபந்தனை: அழைப்பு நடக்கும்போது நீங்கள் இந்தியாவில் இருக்க வேண்டும். இருப்பிடத்தைச் சோதிப்பார்கள், வெளிநாட்டு ஐ.பி. முகவரி என்றால் அழைப்பே போகாது. அலுவலக வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் சென்னையில் உட்கார்ந்திருந்தாலும் சிக்கல்தான், நிறுத்திவிடுங்கள். விமான டிக்கெட்டுக்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிட்டால், கார்டு தபாலில் வரவும் நேரம் இருக்கும்.

படி 3: கட்டணப் பட்டியலை முழுதாகப் படியுங்கள்

'ஜீரோ ஃபாரெக்ஸ்' என்பதன் பொருள், விசா அல்லது மாஸ்டர்கார்டு நிர்ணயிக்கும் மாற்று விகிதத்தின் மேல் வங்கி தன் பங்குக்கு எதுவும் சேர்ப்பதில்லை என்பதுதான். அன்றைய விகிதம் என்ன என்று விசா, மாஸ்டர்கார்டு இணையதளங்களிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதோடு கதை முடியவில்லை. வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் என்ன கட்டணம், இருப்பைப் பார்க்க மட்டும் எவ்வளவு, குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதம் உண்டா, கார்டு தொலைந்தால் மாற்றுக் கார்டு வெளிநாட்டு முகவரிக்கு வருமா: இந்த நான்கையும் கட்டண அட்டவணையில் தேடிப் பாருங்கள். விளம்பரப் பக்கத்தில் தேடாதீர்கள்.

வரி விஷயமும் ஒன்று உண்டு. டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் கார்டு) வழியாக வெளிநாட்டில் செலவழிப்பது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஒருவருக்கு ஓராண்டுக்கு 2,50,000 டாலர் என்ற ரிசர்வ் வங்கி வரம்பில் சேரும். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். வழக்கமான பயணச் செலவுக்கு அது 20 சதவீதம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கிடைக்கும் என்றாலும், அதுவரை கைப்பணம் முடங்கும். இரண்டு மாதப் பயணத்தில் அந்த அளவுக்குப் போகாது. ஆண்டு முழுக்கச் சுற்றுகிறவர்கள் செலவைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

படி 4: ஏ.டி.எம். திரையில் 'வேண்டாம்' என்று சொல்லப் பழகுங்கள்

நல்ல கார்டு வைத்திருந்தும் பணம் போகும் இடம் இது. தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகி 10,000 பாட் கேட்கிறீர்கள். முதலில், வெளிநாட்டுக் கார்டுக்கு 220 பாட் அளவில் கட்டணம் என்று ஒரு திரை வரும். சில இடங்களில் இன்னும் அதிகம். இது அங்குள்ள வங்கி வாங்குவது. உங்கள் ஜீரோ ஃபாரெக்ஸ் கார்டால் இதைத் தடுக்க முடியாது. 2,000 பாட் எடுத்தாலும் 20,000 பாட் எடுத்தாலும் அதே கட்டணம் என்பதால், ஒரே தடவையாகப் பெரிய தொகை எடுப்பதுதான் லாபம்.

அடுத்த திரைதான் கண்ணி. உங்கள் கணக்கிலிருந்து இத்தனை ரூபாய் எடுக்கப்படும், மாற்று விகிதம் இது, சம்மதமா என்று கேட்கும். ரூபாயில் பார்த்ததும் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். சம்மதம் என்று அழுத்தினால், அங்குள்ள வங்கியே தன் விகிதத்தில் பாட்டை ரூபாயாக மாற்றிவிடும். அந்த விகிதத்தில் சில சதவீதம் லாபம் ஒளிந்திருக்கும், நீங்கள் தேடிப் பிடித்த ஜீரோ ஃபாரெக்ஸ் வீண். மாற்றம் வேண்டாம் என்ற பொத்தானை அழுத்துங்கள். பணம் வராது என்று பயமுறுத்தும் தொனியில்கூட எழுதியிருப்பார்கள். தயங்க வேண்டாம், பணம் வரும். கடையில் கார்டு மெஷினை உங்கள் பக்கம் திருப்பி 'ரூபாயா, பாட்டா' என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்: உள்ளூர் நாணயம்.

இலங்கைக்குப் போகிறவர்களுக்கு வேறு ஒரு வழியும் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே யு.பி.ஐ. இயங்குகிறது. அந்நாட்டின் க்யூ.ஆர். முறையான லங்கா க்யூ.ஆர். உள்ள கடைகளில் ஸ்கேன் செய்து கட்டலாம். ஆப்பில் சர்வதேச யு.பி.ஐ.யைத் தனியாக இயக்க வேண்டும். மாற்று விகிதம் திரையில் வரும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், அமீரகம், நேபாளம், பூடான், மொரீஷியஸ் நாடுகளிலும் சில இடங்களில் இந்த வசதி இருக்கிறது. இதையே நம்பிப் போக வேண்டாம், கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சிம், ஓடிபி, தொலைந்த போன்

இந்திய வங்கி ஆப்கள் பெரும்பாலும் சிம்மோடு கட்டிப் போடப்பட்டவை. புதுப் போனில் ஆப்பைப் பதிவு செய்யும்போது, ஆப் தானாகவே உங்கள் இந்திய எண்ணிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். அந்த எஸ்.எம்.எஸ். போய்ச் சேர்ந்தால்தான் உள்ளே விடும். ஊரில் இது இரண்டு நொடி வேலை. வெளிநாட்டில் ரோமிங் இல்லாவிட்டால் அந்த எஸ்.எம்.எஸ். கிளம்பவே கிளம்பாது. ஓடிபி வந்தால் போதும் என்று நினைத்து, இந்த வெளியே போகும் எஸ்.எம்.எஸ்.ஸைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதனால் செய்ய வேண்டியவை:

இந்திய எண்ணில் சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே இயக்கி, எஸ்.எம்.எஸ். அனுப்பும் அளவுக்காவது பேலன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய சிம் ஒரு ஸ்லாட்டில், உள்ளூர் டேட்டா சிம் அல்லது இ-சிம் (போனுக்குள்ளேயே பதியும், தனி அட்டை இல்லாத சிம்) இன்னொன்றில். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண்ணை நிறுத்திவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நடுநடுவே ரீசார்ஜ் செய்துகொண்டிருங்கள். இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றப் போகிறீர்கள் என்றால் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் செய்யாதீர்கள். சிம் மாற்றியதும் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். ஓடாது. மோசடியைத் தடுக்க வந்த விதி அது.

போன் திருட்டுப் போனால் இ-சிம்மும் அதோடு போய்விடும், நினைவில் வையுங்கள். எந்தப் போனிலும் போட முடிகிற பிளாஸ்டிக் சிம்மும், பழைய போன் ஒன்றும் பையில் இருப்பது எனக்கு இன்னும் பிடித்த ஏற்பாடு. பழைய பாணிதான், சரி.

இரண்டாவது கணக்கு கட்டாயம் வேண்டும். அது வேறு வங்கியில் இருக்கட்டும். ஒன்று விசா என்றால் மற்றது மாஸ்டர்கார்டாக இருந்தால் நல்லது. இரண்டு கார்டையும் ஒரே பர்ஸில் வைத்தால் இரண்டு வாங்கியதற்கே அர்த்தமில்லை.

கணினி வேலைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: போனில் டெவலப்பர் ஆப்ஷன் இயங்கிக்கொண்டிருந்தால் பல வங்கி ஆப்கள் திறக்க மறுக்கும். திரையைப் பகிரும் ஆப்களைக் கண்டாலும் அப்படித்தான். ஆப் பழுதாகிவிட்டது என்று வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

படி 6: வருமானம் எப்படி உள்ளே வரும்?

வெளிநாட்டு வாடிக்கையாளர் டாலரில் கட்டுபவர் என்றால், கணக்கு திறக்கும் முன் கேட்க வேண்டியது: இந்தக் கணக்கு ஸ்விஃப்ட் (நாடுவிட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் வலையமைப்பு) வழி வரும் பணத்தை ஏற்குமா, ஏற்றால் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான உள்வரவுச் சான்று தருமா? வரி, ஜி.எஸ்.டி. வேலைகளுக்கு ஆடிட்டர் அதைத்தான் கேட்பார். சில மொபைல் கணக்குகளில் செலவு பிரமாதமாக இருக்கும், வரவுக்கு வழியே இருக்காது. அப்படியானால் வரவுக்கு ஏற்கெனவே உள்ள வங்கிக் கணக்கு, செலவுக்கு இது என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதுவே பாதுகாப்பாகவும் படுகிறது: வெளியே எடுத்துப் போகும் கார்டில் இரண்டு வாரச் செலவுக்கு மட்டும் பணம், மீதி ஊர்க் கணக்கில்.

வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்தோ, திரும்பும் தேதி தெரியாமலோ போகிறவர்கள் கதை வேறு. அன்னியச் செலாவணிச் சட்டப்படி அவர்கள் என்.ஆர்.ஐ. ஆகிவிடலாம், சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் ஊரில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்காக) மாற்ற வேண்டியிருக்கும். அந்த வசதி எல்லா மொபைல் கணக்கிலும் கிடையாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 7: கிளம்பும் முன் ஒத்திகை

புதிய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்த நிலையில்தான் வரும். 2020 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. ஆப்பில் போய் வெளிநாட்டு ஏ.டி.எம்., கடை இரண்டையும் இயக்கி, தினசரி வரம்பைக் குறைவாக வையுங்கள். வெளிநாட்டு இணையதளச் செலவை மட்டும் அணைத்தே வைத்திருங்கள், தேவைப்படும்போது இயக்கலாம். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடும்.

உள்ளூர் ஏ.டி.எம்.மில் ஒருமுறை 500 ரூபாய் எடுத்து, பின் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பின் சாட்டில் ஒரு கேள்வி கேட்டு, மனிதர் ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். ஞாயிறு இரவில் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

கடைசியாக, கார்டை முடக்கும் தொலைபேசி எண். 1800 என்று தொடங்கும் இலவச எண்களை வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் அழைக்க முடியாது. +91 என்று தொடங்கும் எண்ணை வங்கியின் தளத்தில் தேடி எடுங்கள். உங்கள் மீது தவறில்லாத மோசடியை, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் முழுத் தொகைக்கும் வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி வகுத்தது. நாள் தள்ளினால் இழப்பில் உங்கள் பங்கு ஏறும். அந்த எண்ணைப் போனில் சேமித்தால் போதாது. ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள், இன்னொரு பிரதியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.