சின்ன ப்ளேன் ஓட்டக் கத்துக்கணுமா? சென்னைல இருந்து எப்படி ஆரம்பிக்கிறதுன்னு பாக்கலாம்

பீச் தாம்பரம் ட்ரெயின்ல திரிசூலம் தாண்டும்போது ஜன்னல் வழியா ப்ளேனப் பாத்து "ஒரு நாள் நானும்"னு நெனச்சவங்க இங்க நெறய பேர் இருப்பீங்க, அப்புறம் வேலை, கல்யாணம், இஎம்ஐன்னு அந்த ஆசை அப்படியே கெடந்துருக்கும். அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். ஏர்லைன் பைலட் ஆகறது வேற, ஆசைக்கு செஸ்னா மாதிரி ஒரு சின்ன ப்ளேன் ஓட்டறது வேற. ஆசைக்கு ஓட்ட பிபிஎல், அதாவது ப்ரைவேட் பைலட் லைசென்ஸ் போதும், 17 வயசு ஆகி பத்தாவது பாஸ் பண்ணிருந்தா எடுக்கலாம், உடம்பு நல்லா இருந்தா அம்பது வயசுலயும் ஆரம்பிக்கலாம். சம்பளம் வாங்கிட்டு ஓட்டக் கூடாது, அவ்ளோதான்.

முதல்ல மெடிக்கல்

ஸ்கூலுக்கு ஒரு ரூபா கட்டறதுக்கு முன்னாடி இத முடிங்க, இதுல மட்டும் அவசரமே வேண்டாம். விமானத் துறைய கவனிக்கற அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகாரம் குடுத்த டாக்டர்கிட்ட க்ளாஸ் 2 மெடிக்கல், கண்ணு, காது, ஈசிஜி, ரத்தம் எல்லாம் பாப்பாங்க. கலர் தெரியறதுல பிரச்சனைன்னா அது அங்கயே தெரிஞ்சுரும். கண்ணாடி போட்டிருக்கேனேன்னு கவலப்படாதீங்க, கண்ணாடியோட பார்வை சரியா இருக்கான்னுதான் பாப்பாங்க.

வீட்லயே மெட்டார் படிங்க

இதுக்கு காசே வேணாம், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்டெப் இதுதான். மெட்டார்னா ஏர்போர்ட்ல அப்போ இருக்கற வானிலைய ஒரே வரில சொல்ற ரிப்போர்ட், மீனம்பாக்கத்துக்கு அரை மணிக்கு ஒண்ணு வரும். அதுல 24010 கேடின்னு இருந்தா 240 டிகிரில இருந்து, அதாவது தென்மேற்குல இருந்து, 10 நாட் (மணிக்கு கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர்) வேகத்துல காத்து வருதுன்னு அர்த்தம். ப்ளேன் எப்பவுமே எதிர்க்காத்துலதான் எறங்கப் பாக்கும், நம்ம மெயின் ரன்வே 07/25, அப்போ எது? 25தான், ஏன்னா 25னா 250 டிகிரி பாத்து ஓடற பக்கம். மாடிக்குப் போய்ப் பாருங்க, அன்னிக்கு ப்ளேனெல்லாம் கடல் பக்கத்துல இருந்து கிண்டி வழியா எறங்கிட்டு இருக்கும். மத்தியானம் கடல் காத்து வந்தா கதையே மாறும். அதே வரில க்யூ 1006ன்னு வர்றது காத்தழுத்தம், அத வெச்சுதான் உயரம் காட்டற ஆல்டிமீட்டர செட் பண்ணுவாங்க, ஒரு நம்பர் தப்பா வெச்சாக்கூட உயரம் கிட்டத்தட்ட 30 அடி மாத்திக் காட்டும்.

ஸ்கூல்

மீனம்பாக்கம் பிஸியான ஏர்போர்ட், அதனால வெளியூர்ல தங்கிக் கத்துக்கறதுக்கு மனசளவுல தயாராகிக்கோங்க. அங்கீகாரம் உள்ள ஸ்கூல் லிஸ்ட் டிஜிசிஏ சைட்லயே இருக்கு. நேர்ல போய் ஹேங்கர்ல (ப்ளேன் நிறுத்தற ஷெட்) எத்தன ப்ளேன் பறக்கற நிலைமைல இருக்கு, ஒரு ஸ்டூடன்ட்டுக்கு மாசத்துக்கு எத்தன மணி நேரம் கெடைக்குதுன்னு அங்க படிக்கறவங்ககிட்டயே கேளுங்க. ஃபீஸ் மொத்தத்தையும் ஒரே தடவைல கட்டாதீங்க, பறக்கப் பறக்கக் கட்டற மாதிரி பேசிப் பாருங்க.

பறக்கறது

சேர்ந்ததும் எஸ்பிஎல், அதாவது ஸ்டூடன்ட் லைசென்ஸ். அப்புறம் இன்ஸ்ட்ரக்டரோட ஏறலாம். ஏறறதுக்கு முன்னாடி ப்ளேனச் சுத்தி வந்து செக் பண்ணுவீங்க, ரெக்கைக்கு அடில ஒரு சின்ன வால்வ அமுக்கி கொஞ்சம் பெட்ரோல ஒரு கண்ணாடிக் கப்புல பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்க. சின்ன ப்ளேனுக்குப் போடற 100எல்எல் பெட்ரோல் லேசான நீலமா இருக்கும், தண்ணி கலந்திருந்தா அது கனம்ங்கறதால கீழ முத்து மாதிரி தனியா உருண்டு நிக்கும். ஒரு சொட்டு இருந்தாலும் சுத்தமா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் பிடிக்கணும், இத மட்டும் யாரு அவசரப்படுத்தினாலும் விட்றாதீங்க, மேல போய் இன்ஜின் நின்னா ஓரங்கட்ட எடமில்ல.

லைசென்ஸுக்கு கொறஞ்சது 40 மணி நேரம் பறந்திருக்கணும், அதுல தனியா ஓட்டறதும் உண்டு, 150 நாட்டிகல் மைல் க்ராஸ் கன்ட்ரியும், அதாவது வேற ஊர் ஏர்போர்ட் வரைக்கும் பறக்கறதும் உண்டு, கிட்டத்தட்ட இங்கேருந்து பெங்களூருக்கு நேர்கோட்டுல போற தூரம். எழுத்துப் பரீட்சைல 70 மார்க் எடுக்கணும், ரேடியோவுல பேசறதுக்கு தனி லைசென்ஸ், அதுக்கும் சேர்த்தே படிச்சிருங்க. கடைசியா எக்ஸாமினரோட ஃப்ளைட் டெஸ்ட் முடிச்சுட்டு, பறந்த நேரத்த எழுதி வெக்கற லாக் புக் கணக்கெல்லாம் சரி பாத்து டிஜிசிஏவோட ஈஜிசிஏ ஆன்லைன் போர்ட்டல்ல அப்ளை பண்ணணும்.