பிரீகாஸ்ட் வீட்டில் சத்தமா? பேனலைக் குறை சொல்வதற்கு முன்

மாடி வீட்டில் நாற்காலியை இழுத்தால் கீழ்வீட்டில் கேட்கிறது. பக்கத்து வீட்டு மிக்ஸி நம் சுவரிலேயே ஓடுவது போலிருக்கிறது. உடனே நாம் சொல்வது, "பிரீகாஸ்ட் சுவர், மெல்லிசு, அப்படித்தான் இருக்கும்." இதுதான் முதல் தவறு. பிரீகாஸ்ட் என்பது முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் கான்கிரீட் பேனல். 150 மி.மீ. தடிமனுள்ள திடமான பேனல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோ எடை. பேச்சுச் சத்தத்தில் 50 டெசிபெல் அளவுக்கு அதுவே தடுத்துவிடும். சத்தம் நுழைவது பெரும்பாலும் பேனல்கள் சேரும் இடத்தில்.

ஒரு கணக்கு பாருங்கள். 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள சுவர். அதன் அடியில் கலவை சுருங்கி, முழு நீளத்துக்கும் 3 மி.மீ. இடுக்கு விட்டிருக்கிறது. மொத்தப் பரப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் 50 டெசிபெல் தடுத்த சுவர் இப்போது ஏறக்குறைய 30தான் தடுக்கும். ஸ்கர்ட்டிங்கும் (சுவரடியில் ஓடும் டைல் பட்டை) ஃபால்ஸ் சீலிங்கும் இந்த இடுக்குகளைக் கண்ணிலிருந்து மறைக்கும், காதிலிருந்து மறைக்காது. இதைப் பட்டி வைத்து அடைப்பது வீண் வேலை, கட்டடம் கொஞ்சம் அசைந்ததும் விரிசல் விடும். நுரைக் கயிற்றை உள்ளே திணித்து, மேலே இழுபடும் தன்மையுள்ள சீலண்ட் பூச வேண்டும். இரண்டு வீட்டு ஸ்விட்ச் பாக்ஸ்கள் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக இருந்தால் அதுவும் ஓட்டைதான்.

அடுத்தது, சுவரில் ஸ்பாஞ்சோ தெர்மாகோலோ ஒட்டுவது. ஸ்பாஞ்ச் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். தெர்மாகோலை ஒட்டி மேலே பூசினால் சில அலைவரிசைகளில் சத்தம் முன்பைவிடக் கூடுதலாகவே கடந்து வரும்.

சரி, மாடிச் சத்தத்துக்கு வருவோம். அதிகம் பணம் வீணாவது இங்கேதான். காலடியும் நாற்காலி இழுப்பும் காற்றில் வருவதில்லை, ஸ்லாபையே அதிர வைத்து வருகின்றன. ஸ்லாபின் தடிமனை இரட்டிப்பாக்கினாலும் சுமார் 10 டெசிபெல்தான் குறையும். ஸ்லாபின் மேல் ரப்பர் அல்லது நுரை விரிப்பு போட்டு, அதன்மேல் தனிக் கலவைத் தளம் போட்டால் 20 டெசிபெல்லுக்கு மேலேயே குறைக்கலாம். இதை மிதக்கும் தளம் என்பார்கள். பெயருக்கு ஏற்றபடி அது எதையும் தொடக்கூடாது. விரிப்பின் ஒட்டு வழியாக ஒரு கரண்டி கலவை இறங்கி ஸ்லாபைப் பிடித்தாலே அங்கே சத்தத்துக்குப் பாலம் கிடைத்துவிடும். ஓரத்தில் விரிப்பைச் சுவரோடு மேலே ஏற்றி விட வேண்டும். டைல்ஸ்காரர் அது அசிங்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலிலேயே வெட்டிவிடுவார். அப்புறம் டைலுக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் நடுவே கிரவுட்டை, அதாவது டைல் இடுக்கை அடைக்கும் கெட்டிக் கலவையை, நிரப்புவார். இவ்வளவு செலவும் அந்த ஒரு கோட்டில் போய்விடும்! ஸ்கர்ட்டிங்கைத் தரைக்குச் சில மி.மீ. மேலே நிறுத்தி, இடைவெளியை சீலண்ட்டால் மூடச் சொல்லுங்கள். டைல்ஸ் போடும் நாளில் கூடவே நில்லுங்கள். பின்னால் சரிசெய்ய வேண்டுமென்றால் தரையைத்தான் உடைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். அதிர்வைத் துண்டிக்கிறோம் என்று பேனல் இணைப்புகளைக் கொத்தாதீர்கள், சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டாதீர்கள். பெரிய பேனல்களால் கட்டும் முறையில் சுவரே சுமை தாங்கி. 1968 மே 16 அன்று லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18-ஆம் மாடிச் சமையலறையில் கேஸ் வெடித்தது. மூலைச் சுவர் பேனல் பிடுங்கிக்கொண்டு போக, அந்த மூலை முழுவதும் சரிந்து 4 பேர் இறந்தார்கள். இணைப்புகளின் வலுவின்மைதான் அந்தச் சரிவைப் பெரிதாக்கியது. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் பிரீகாஸ்ட் முறையில் கட்டப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டன. இத்தகைய வீடுகளில் குடியிருப்பவர்கள், எதை வெட்டுவதற்கு முன்னும் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்க வேண்டும்.

கடைசியாக மோட்டாரும் ஜெனரேட்டரும். "அடியில் ரப்பர் போட்டாச்சே" என்பார்கள். எந்த ரப்பர் என்பதுதான் கேள்வி. நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் ஜெனரேட்டரின் அதிர்வு 25 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 25 முறை. எடை ஏறியதும் 0.4 மி.மீ. மட்டும் அமுங்கும் கெட்டியான ரப்பர் அட்டையின் மேல் மெஷின் தானாக ஆடும் வேகம், அதாவது இயல்பு அதிர்வும், ஏறக்குறைய அதே 25. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல இரண்டும் சேர்ந்துகொண்டு, அட்டை இல்லாததைவிட மோசமாக ஆட்டும். 4 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் வைத்தால் அதிர்வில் பத்தில் ஒரு பங்குதான் தரைக்குப் போகும். மொட்டைமாடி ஸ்லாபில் வைப்பதானால், ஸ்லாபும் கொஞ்சம் வளையும் என்பதால் இன்னும் அதிகம் அமுங்குவது தேவை. இவ்வளவும் செய்துவிட்டு இரும்புக் குழாயை நேராகச் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அதிர்வு குழாய் வழியே வீட்டுக்குள் வந்துவிடும். மோட்டாரை ஒட்டி வளையும் இணைப்பு ஒன்று, கிளாம்ப்களில் ரப்பர் பட்டை, குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் கலவைக்குப் பதிலாக மெத்தென்ற உறை. இந்த மூன்றையும் பிளம்பர் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.