ஆர்செனிக் ஆய்விலிருந்து குடிநீர் வரம்பு வரை: இடரை மதிப்பிடும் முறை

நோய்ப்பரவியல் ஆய்வு (மக்களிடையே நோய்கள் ஏன், எவ்வாறு வருகின்றன என்பதை ஆராய்வது) ஒன்றைக் கொண்டு உடல்நல இடரை மதிப்பிட முற்படுபவர், மக்களின் உடலுக்குள் சென்ற நச்சின் அளவை அந்த ஆய்வு எவ்வாறு கணக்கிட்டது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பெரும்பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன என்பது என் கருத்து.

தைவானின் தென்மேற்குக் கரையோரத்தில், ஆர்செனிக் என்னும் நச்சுத்தனிமம் கலந்த ஆழ்கிணற்று நீரைக் குடித்தவர்களிடம் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்கள் மிகுந்திருந்தன. ஆனால் அங்கு நடந்த முக்கிய ஆய்வுகள், ஒவ்வொருவரும் குடித்த அளவை அல்லாமல், ஊர்க் கிணறுகளின் ஆர்செனிக் செறிவையே அடிப்படையாகக் கொண்டன. ஒரே ஊரிலும் கிணற்றுக்குக் கிணறு செறிவு வேறுபட்டதால், அளவுக்கும் நோய்க்குமான தொடர்பு மங்கலாகிவிடுகிறது. ஆகவே, வங்கதேசத்தின் அராய்ஹசாரில் 2000-இல் தொடங்கியதைப் போன்று, தனிநபரின் கிணற்றுநீரையும் சிறுநீரையும் சோதித்துப் பல்லாண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளோடு முடிவுகளை ஒப்பிடுங்கள்.

வயது, புகைப்பழக்கம் ஆகியவற்றின் தாக்கத்தைப் பிரித்தெடுத்த பின்னரே, உயர்ந்த செறிவில் கண்ட விளைவைத் தாழ்ந்த செறிவுக்கு நீட்டிக் கணிக்க வேண்டும். அப்போது, மதிப்பீட்டுக்குரிய மக்கள் நாளொன்றுக்குக் குடிக்கும் நீரையும், அந்நீரில் வேகும் சோற்றின் வழியே சேரும் ஆர்செனிக்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் உழைத்து மிகுதியாக நீர் குடிக்கும் உழவுத் தொழிலாளர்களுக்கு இது மிக முக்கியம்.

இத்தகைய மதிப்பீடுகளின் வழியே, அமெரிக்கா 2001-இல் தன் குடிநீர் வரம்பை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது.