உதவித்தொகை நின்ற பிறகு தாய்மார்களின் பொருளாதார நிலையைக் கணக்கிடும் முறை

1996 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், ஏழைத் தாய்மார்கள் பெற்றுவந்த உதவித்தொகைக்கு வேலைக் கட்டாயத்தையும் 60 மாத வாழ்நாள் வரம்பையும் விதித்தது. 2000க்குள் பயனாளிக் குடும்பங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இந்தச் சரிவையே வெற்றியாகக் கொள்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி என்பதே என் கருத்து. அவர்களின் நிலையை ஆராய விரும்பும் மாணவர், கைக்கு வந்த பணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் யாரை எண்ணுகிறீர்கள் என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் உதவித்தொகை பெறாதவரையே பல மாநில ஆய்வுகள் வெளியேறியவராகக் கொண்டன. வேலை கிடைத்து விலகியவரையும், விதி மீறியதாகத் தொகை நிறுத்தப்பட்டவரையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் கிடைக்கும் சராசரி இருவருக்குமே பொருந்தாது.

அடுத்தது வருமானக் கணக்கு. 1999இல் இரண்டு குழந்தைகளுடன் தனித்து வாழும் ஒரு தாய், மணிக்கு 7 டாலர் கூலியில் வாரம் 35 மணி நேரம் ஆண்டு முழுவதும் உழைத்ததாக வைத்துக்கொள்வோம். கூலி 12,740 டாலர். அதாவது, அந்த ஆண்டின் வறுமைக்கோடான சுமார் 13,400 டாலருக்குக் கீழே. சம்பள வரியாக ஏறத்தாழ 975 டாலர் போய்விடும். வருமான வரிப் படிவத்தை அவர் தாக்கல் செய்திருந்தால், உழைக்கும் ஏழைகளுக்கான வரிச் சலுகையாகச் சுமார் 3,750 டாலர் திரும்பக் கிடைத்து, கையிருப்பு 15,500 டாலரைத் தொடும். ஆனால் குழந்தைக் காப்பகத்துக்கு வாரம் 60 டாலர் கட்ட நேர்ந்தால் 3,120 டாலர் கரைந்து, மீண்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுவார். அதிகாரபூர்வ வறுமைக் கணக்கு இந்தச் சலுகையையும் சேர்ப்பதில்லை, காப்பகச் செலவையும் கழிப்பதில்லை; ஆகவே இரண்டையும் நீங்களே பதிவு செய்ய வேண்டும்.

உணவு உதவியும் மருத்துவக் காப்பீடும் தொடர்கின்றனவா என்று தனித்தனியாகக் கேளுங்கள். உதவித்தொகை நின்றதும் இவையும் நின்றுவிட்டதாக எண்ணி, தகுதியிருந்தும் இழந்த குடும்பங்கள் ஏராளம்.

முதலாளிகள் அரசுக்கு அளிக்கும் கூலிப் பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம். ரொக்கக் கூலிக்கு வீடு துப்புரவு செய்பவரோ பக்கத்து மாநிலத்தில் வேலை பார்ப்பவரோ அதில் வருமானமற்றவராகவே தெரிவார். பதிவேட்டில் கூலியும் உதவித்தொகையும் இல்லாதவர்களைத்தான் நேரில் தேடிச் சென்று, வாடகையை யார் கட்டுகிறார்கள், மாதக் கடைசியில் சாப்பாட்டைக் குறைக்க நேர்ந்ததா என்று விசாரிக்க வேண்டும்.