ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ: இரைச்சலை எவ்வளவு கழுவலாம்?

ஆள் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருக்கும்போது மூளையைத் தொடர்ந்து படமெடுத்து, எந்தெந்தப் பகுதிகளின் சமிக்ஞை ஒன்றாக ஏறி இறங்குகிறது, அதாவது இணைந்திருக்கிறது, என்று பார்ப்பதுதான் ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ. தலையசைவு, இதயம், மூச்சு என்பவற்றால் அந்தச் சமிக்ஞையில் கலப்பதே இரைச்சல். திருகோணமலையில் இருந்துகொண்டு மூளை ஆய்வா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு ஸ்கேனர் தேவையில்லை. ஓபன்நியூரோ இணையத்தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் தரவை இரவு டேட்டாவில் இறக்கி, உவர்மலை வீட்டில் மடிக்கணினியில்தான் வேலை பார்க்கிறேன். உங்கள் தரவில் எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற மென்பொருள் ஏற்கெனவே ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, இரைச்சல் மாறிகளை (படத்துக்குப் படம் இரைச்சல் எப்படி மாறியது என்று காட்டும் எண் வரிசைகளை) ஒரு அட்டவணையாக எழுதித் தரும். இரைச்சலை நீக்காது. அது எங்கள் பாடு.

அந்த அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம்வைஸ் டிஸ்பிளேஸ்மென்ட் நிரல். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் தலை எவ்வளவு அசைந்தது என்பதை மில்லிமீட்டரில் சொல்லும். ஒவ்வொருவருக்கும் வரைபடம் கீறிக் கண்ணால் பாருங்கள், இதில் சோம்பல் வேண்டாம். சின்ன அசைவும் அருகிலுள்ள பகுதிகளைக் கூடுதலாக இணைந்தவை போலக் காட்டிவிடும் என்பதை 2012இல் ஜொனதன் பவர் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் அசைவார்கள். இரு தரப்பையும் ஒப்பிட்டால், வளர்ச்சி என்று நினைப்பது வெறும் தலையாட்டலாகவும் இருக்கலாம். நான் 0.2 மி.மீ.க்கு மேல் போன படங்களை விலக்குவேன். ஐந்து நிமிடத் தரவுகூட மிஞ்சாத ஆட்களை ஆய்விலிருந்தே விலக்கிவிடுவேன்.

அடுத்தது இதயமும் மூச்சும். 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரையான பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டினால் இவை தானாகப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. இரண்டு விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் 0.25 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகத் தெரியும். நிமிடத்துக்கு 63 தரம் துடிக்கும் இதயம் 1.05 ஹெர்ட்ஸ்; அது மடிந்து 0.05இல் வந்து விழும், சரியாக நாங்கள் வைத்துக்கொள்ளும் பட்டையின் நடுவில். ஃபோன் வீடியோவில் மின்விசிறி மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கூத்துத்தான். அதனால் வெள்ளைப் பொருளிலிருந்தும் (நரம்பு இழைகள் நிறைந்த பகுதி) மூளைத் தண்டுவட நீரிலிருந்தும் முதன்மைக் கூறுகளை (அங்கே பொதுவாகத் தெரியும் பெரிய ஏற்ற இறக்கங்களை) எடுத்துக் கழிக்கும் காம்ப்கோர் முறையைச் சேர்க்கிறேன். நரம்புச் செயல்பாட்டின் சமிக்ஞை அங்கே பெரிதாக இராது என்பதே அதன் நியாயம். அந்த இரண்டின் முகமூடியையும் (படத்தில் அந்தப் பகுதி எது என்று குறிக்கும் எல்லையை) கொஞ்சம் அரித்துச் சிறிதாக்கினால், நரம்புச் செல்கள் உள்ள சாம்பல் பொருள் கலக்காது.

சரி, கிடைத்த மாறிகள் எல்லாவற்றையும் அள்ளிப் போடலாமா? கணக்குப் பாருங்கள். பத்து நிமிட ஸ்கேனில் 300 படங்கள். மேலே சொன்ன வடிகட்டியே 0.25இல் 0.09ஐத்தான் விட்டுவைக்கும், அதாவது ஏறக்குறைய 108 சுயாதீன அளவுகள். 36 மாறிகளைக் கழித்தால் 72. அதே செய்முறையை ஐந்து நிமிட ஸ்கேனில் போட்டால் மிஞ்சுவது 18. பதினெட்டை வைத்து என்ன தொடர்பைக் கணக்கிடப் போகிறீர்கள்? குறுகிய ஸ்கேன் என்றால் மாறிகளைக் குறையுங்கள், அல்லது வடிகட்டியின் மேல் எல்லையைத் தளர்த்துங்கள்.

வடிகட்டலையும் கழித்தலையும் தனித்தனியாகச் செய்யாதீர்கள். தரவை மட்டும் வடிகட்டிவிட்டு, வடிகட்டாத மாறிகளைப் பிறகு கழித்தால், நீக்கிய இரைச்சல் திரும்ப உள்ளே வரும். நைலேர்ன் என்ற பைதான் நூலகத்தின் கிளீன் செயற்கூறு இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறது, நான் அதைத்தான் பாவிக்கிறேன்.

மூளை முழுதின் சராசரி சமிக்ஞையைக் கழிப்பதா என்பது முடியாத சண்டை. அசைவின் மிச்சத்தையும் மூச்சின் தாக்கத்தையும் அது நன்றாகவே குறைக்கும். ஆனால் கணித ரீதியாகவே எதிர்மறைத் தொடர்புகளை உண்டாக்கிவிடும் என்று 2009இல் மர்பி குழுவினர் விளக்கினார்கள். நான் இரு விதமாகவும் ஓட்டி, இரண்டையும் எழுதுவேன். ஒன்றில் மட்டும் தெரிகிற முடிவை நம்ப மாட்டேன்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. ஒவ்வொரு இணைப்பின் வலிமையையும் ஆளாளின் சராசரி அசைவோடு தொடர்புபடுத்துங்கள். அந்த எண்கள் பூச்சியத்தைச் சுற்றி நிற்க வேண்டும்; பகுதிகளுக்கு இடைப்பட்ட தூரம் கூடக் கூட ஒரு பக்கமாகச் சரியவும் கூடாது. அப்புறம், மிஞ்சிய நிமிடங்கள் இரு குழுக்களிலும் ஏறக்குறைய சமமா என்று பார்த்துவிட்டு ஒப்பீட்டைத் தொடங்குங்கள்.