பழைய வால்பேப்பரின் மேல் பெயிண்ட் அடிப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் அண்ணாநகர், கே.கே.நகர் பக்கம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வீடு கட்டியவர்களில் பலர் வரவேற்பறையின் ஒரு சுவருக்காவது வால்பேப்பர் ஒட்டினார்கள். இன்று அது நிறம் மங்கி, ஓரங்கள் எழும்பி நிற்கிறது. பொங்கலுக்கு முன்போ, வீட்டில் ஒரு விசேஷத்துக்கு முன்போ வேலைக்கு வரும் பெயிண்டர், "கிழிச்சா பட்டியும் சேந்து வந்துரும்ணே, அது மேலயே அடிச்சு விட்ருவோம்" என்கிறார். பட்டி என்பது பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவுப் பூச்சு. இரண்டு நாள் கூலி மிச்சமாகிறதே என்று வீட்டுக்காரரும் சம்மதித்து விடுகிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அடுத்த ஐப்பசி மழையிலேயே அந்தச் சுவர் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது.

இதற்கான காரணம் பெயிண்டில் இல்லை, பசையில் இருக்கிறது. வால்பேப்பரை ஒட்டும் பசை பெரும்பாலும் மாவுச்சத்திலோ செல்லுலோஸிலோ செய்யப்பட்டது. அது நீரில் கரையும். நம் ஊர்ச் சுவர்களில் மைதாப் பசையால் ஒட்டிய போஸ்டர்கள் நல்ல மழை பெய்த மறுநாள் தொய்ந்து தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எமல்ஷன் பெயிண்ட் நீரில் கலக்கப்படுவது. அதைக் காகித வால்பேப்பரின் மேல் நேரடியாக உருட்டும்போது ஈரம் காகிதத்தை ஊடுருவிப் பசையை இளக்குகிறது. காகிதம் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்குகிறது. பிடிப்பு விட்ட இடங்களில் காற்று புகுந்து கொப்புளமாகிறது. ஆகவே, எமல்ஷனையோ, நீரில் கலக்கும் பிரைமரையோ (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) வால்பேப்பரின் மேல் முதல் பூச்சாக அடிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வால்பேப்பரில் அச்சிட்ட பூ வேலைப்பாட்டின் சாயமும் அந்த ஈரத்தில் கரைந்து மேலே வந்து, வெள்ளைப் பெயிண்டில் பழுப்புத் திட்டுகளாகத் தெரியும். எத்தனை கோட்டிங் கொடுத்தாலும் அது மறையாது.

வினைல் வால்பேப்பரில் தொல்லை வேறு வகையானது. அதன் மேற்பரப்பு பிளாஸ்டிக் என்பதால் ஈரம் உள்ளே போகாது. ஆனால் பெயிண்ட்டுக்கும் அதில் பிடிமானம் கிடைக்காது. நாற்காலி உரசினாலே பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வரும்.

சுவரின் ஈரத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவது அடுத்த தவறு. என் கணிப்பில் நம் பகுதியில் அதிகச் சேதம் செய்வது இதுதான். மாசி வீதிகளுக்குள்ளும் ஆவணி மூல வீதிகளிலும் உள்ள பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் காரை ஈரத்தை வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விடும் தன்மை உடையது. அதன் மேல் வினைல் வால்பேப்பர், அதற்கும் மேல் பெயிண்ட் என்று இரண்டு அடுக்குகளால் மூடிவிட்டால் ஈரம் போக வழியின்றி உள்ளேயே நிற்கும். காரை உப்புப் பூத்து உதிரும். வால்பேப்பரின் பின்புறம் கரும்பூசணம் படரும். பெயிண்ட் அந்தப் பூசணத்தைக் கொல்லாது, கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க மட்டுமே செய்யும். இழுப்பு உள்ள பெரியவர்களோ குழந்தைகளோ படுக்கும் அறையாக இருந்தால் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. ஒரு மூலையில் வால்பேப்பரைக் கிழித்து, வெறும் சுவரில் ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது என்று பொருள். ஓதத்தின் காரணத்தைக் கண்டு சரிசெய்யாமல் அங்கே எந்தப் பெயிண்டும் நிற்காது.

ஆகவே வால்பேப்பரைப் பிரித்து எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடிப்பதே நல்லது. அது பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமான வேலை அன்று. முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, சுவிட்ச் பெட்டிகளைப் பாலிதீனால் மூட வேண்டும். வினைலின் மேல் தோல் பெரும்பாலும் காய்ந்த நிலையிலேயே கையோடு உரிந்து வரும். அடியில் நிற்கும் காகிதத்தை வெந்நீரால் நனைத்து, கால் மணி நேரம் ஊற விட்டு, பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். காய்ந்த சுவரை அவசரமாகச் சுரண்டுவதால்தான் பட்டியும் சேர்ந்து பெயர்கிறது. பெயிண்டர்கள் சொல்லும் அந்தப் பயம் இப்படி வந்ததுதான். எல்லாம் வந்த பிறகு ஸ்பாஞ்சால் சுவரைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தால் வழுவழுப்பு இருக்கக் கூடாது. இருந்தால் அது மிச்சமிருக்கும் பசை. அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் வெடிப்பு விடும். வால்பேப்பருக்கு அடியில் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருந்திருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்குக் கேடு.

பிரிக்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு. ஜிப்சம் போர்டுத் தடுப்பில் பிரைமர் அடிக்காமல் நேராக ஒட்டிய வால்பேப்பரைப் பிரித்தால் போர்டின் மேல்தாளும் கிழிந்து வரும். வால்பேப்பர் எங்கும் எழும்பாமல் இறுகப் பிடித்திருந்தால், அங்கு மட்டும் மேலேயே பெயிண்ட் அடிப்பதை நான் ஒப்புக்கொள்வேன். அப்போதும் இணைப்புக் கோடுகளை அப்படியே விடுவது தவறு. மாலை நேரத்தில் பக்கவாட்டு விளக்கொளியில் ஒவ்வொரு கோடும் தழும்பு போலத் தெரியும். எழும்பிய ஓரங்களைப் பசையிட்டு ஒட்டி, 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் மேற்பரப்பை மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஆயில் பிரைமர் ஒரு கோட்டிங் அடித்து, ஒரு நாள் காய விட வேண்டும். பிறகுதான் இணைப்புகளில் பட்டி பார்த்து, தேய்த்து, பட்டி வைத்த இடங்களில் மறுபடியும் பிரைமர் தொட்டு, எமல்ஷனுக்குப் போக வேண்டும். ஆயில் பிரைமரின் நெடி கடுமையானது; அன்று இரவு அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

நாள் குறிப்பதிலும் கவனம் தேவை. தீபாவளிக்குச் சுவர் புதிதாக இருக்க வேண்டும் என்று ஐப்பசியில் வேலையைத் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழையில் நனைத்த சுவர் காயவே காயாது. மாசி, பங்குனியில் பிரித்துத் துடைத்து, நான்கைந்து நாள் ஜன்னல்களைத் திறந்து வைத்தால், சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறும் முன்பே பட்டி, பிரைமர், பெயிண்ட் எல்லாம் முடிந்துவிடும்.