கழுத்துக் குழாயோடு வீடு திரும்பியவரைப் பராமரித்தல்

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள் வருமுன்னரே, ட்ரக்கியோஸ்டமி (மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தல்) செய்யப்பட்டவரைக் கவனிக்கப்போகிறவர் விடுதித் தாதியின் முன்னிலையில், வெளிக்குழாயினுள் பொருந்தியிருக்கும் உட்குழாயைக் கழற்றி மாட்டவும் சளியை உறிஞ்சி எடுக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். அருகில் நின்று பார்த்திருப்பது போதாது.

வளர்ந்தவரின் வாதனாளி (மூச்சுக்குழாய்) 10 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளமானது. அதன் முன்புறத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தபின் காற்று மூக்கினுள் செல்லாமல் நேரே உட்புகுவதால், அதற்கு ஈரமும் சூடும் ஊட்டித் தூசியை வடிக்கும் வேலை நின்றுபோகிறது. சளி இறுகிக் குழாயை அடைக்கிறது. ஆகவே குழாய் வாயில் ஈரப்பத வடிகட்டியோ ஈரத்துணித் திரையோ இருக்க வேண்டும். சோளகம் புழுதி வாரும் மாதங்களில் இதில் தளர்வே கூடாது. கிணற்றடியில் தலைக்கு வார்ப்பதை நிறுத்தி, கழுத்துக்குக் கீழே மட்டும் குளிக்க வார்க்கவும்.

உட்குழாயைக் கழற்றும்போது வெளிக்குழாயின் தகட்டை மறுகையால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கழுவுவதற்குக் கொதித்தாறிய நீரே ஏற்றது. கிணற்று நீரை அப்படியே பயன்படுத்தலாகாது.

சளி இரைந்தால் மட்டும் உறிஞ்சவும். தேவையின்றி உறிஞ்சுவது வாதனாளியின் உட்சவ்வைப் புண்ணாக்கும். உறிஞ்சுகுழாயின் பருமன் கழுத்துக் குழாயின் உள்விட்டத்தில் பாதியை மிஞ்சக் கூடாது. உள்ளே செலுத்தும்போது உறிஞ்சாமல், வெளியே இழுக்கும்போது மட்டும், 10 விநாடிக்குள் முடித்து, அடுத்த முறைக்கு முன் நோயாளியை மூச்செடுக்க விட வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, பேசுவதற்காகக் குழாய் வாயில் மாட்டும் பேச்சு வால்வில் நேர்கிறது. அந்த வால்வு காற்றை உள்ளே மட்டுமே விடும். வெளிமூச்சு குழாயைச் சுற்றிக் குரல்வளை வழியாகவே போயாக வேண்டும். குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பை ஊதியிருக்கையில் வால்வை மாட்டினால் வெளிமூச்சுக்கு வழியே இராது, சில நிமிடங்களில் உயிர் போகலாம். பேச வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆயினும் காற்றுப்பையில் காற்று முற்றாக இறக்கப்பட்டதை உறுதிசெய்யாமல் வால்வைக் கையில் எடுக்கவே கூடாது.

அதே அளவிலும் ஒருபடி சிறிய அளவிலும் மாற்றுக் குழாய்கள் படுக்கையருகில் இருக்கட்டும். திடீரென மூச்சு முட்டினால் முதலில் உட்குழாயைக் கழற்றுங்கள், பிறகு உறிஞ்சுங்கள். அப்போதும் சீராகாவிட்டால் தாமதியாது 1990 அம்பியுலன்ஸை அழையுங்கள்.

குழாய் நிரந்தரமாக அகற்றப்பட்டுச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, மூச்சை உள்ளிழுக்கையில் கீச்சொலி கேட்டால் வாதனாளி வடுவால் ஒடுங்கியிருக்கக்கூடும். அதை ஆஸ்துமா என்று எண்ணிப் பம் அடித்துக்கொண்டிருக்காமல், கிளினிக் தவணைக்குக் காத்திராது காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.